சம்மந்தியின் பேட்டரி வண்டி

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே வாசலில் நின்றுவிட்டேன். பழக்கதோஷம். பேத்தி தாரிகா எல்.கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து அவளை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவன் நான். இந்த வருஷம் அந்த உத்தியோகம் எனக்குக் கிடையாது என்று என் மகன் மூர்த்தி போன மாதமே சொல்லிவிட்டான். காய்கறி வண்டிக்காரன் ஒருவன் குறுக்கே வந்ததற்கு எனக்குத் தண்டனை. நான் பிரேக்கை மிதித்தேன். பழைய வண்டி, கால் பிரேக், தேய்ந்திருக்கும். நாலு தக்காளி நசுங்கியது, அதற்கு வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

மூர்த்திக்குப் பெருந்துறையில் வேலை. மருமகள் சுகந்திக்குக் கூட்டுறவு வங்கியில். இருவரும் எட்டு மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். ஆகவே பிள்ளையைக் கொண்டுபோய் விட வேறு ஆள் ஏற்பாடாகியிருக்கிறது. சுகந்தியின் அப்பா, என் சம்மந்தி அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் அரிசி மண்டி வைத்திருந்தவர். சம்மந்தியம்மா இறந்த பிறகு மண்டியைக் கைமாற்றிவிட்டு ஈரோட்டுக்கே வந்து, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தக்காளி வண்டிக்காரர்கள் அவருக்குக் குறுக்கே வர மாட்டார்களோ என்னவோ.

எட்டேகாலுக்கு வந்தார். வந்தது தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தால் நீல நிறத்தில் ஒரு பேட்டரி வண்டி நிற்கிறது, மேலே அவர் உட்கார்ந்திருக்கிறார். சத்தமே போடாத வண்டி. உள்ளே வாங்க என்றேன். "இருக்கட்டுங்க சம்மந்தி, நேரமாச்சுங்க" என்று வெளியிலேயே நின்றார். அது ஒரு கௌரவம் அவருக்கு.

தாரிகா என்னைத் தாண்டி ஓடினாள். "அப்புச்சி வண்டி பாட்டுப் பாடும் தெரியுமா அப்பாரு?" என்று என்னிடமே கேட்கிறாள். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா அப்புச்சி, அப்பாவின் அப்பா அப்பாரு. ஒரே பேத்திக்கு இரண்டு தாத்தா. பாடுகிற தாத்தா ஒன்று, பாடாத தாத்தா ஒன்று.

ஜூன் 11, செவ்வாய்

பொறாமை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. இருக்கிறதைச் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

உழவர் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்க் கத்தரிக்காய், சுரைக்காய், கீரை வாங்கி வந்தேன். பிள்ளையை ஏற்றக் கூடாது என்றுதான் தடை, கத்தரிக்காயை ஏற்றத் தடை இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி நாகரத்தினம் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒத்தச் செருப்போட வந்து நிக்கறீங்க" என்றாள். வலது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. வார் தளர்ந்த செருப்பு அது, எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். செருப்புக் கடைக்காரனைப் பார்க்க வேண்டிய பார்வை.

ஜூன் 16, ஞாயிறு

சாப்பாட்டு நேரத்தில் அறிவித்துவிட்டேன், நானும் பேட்டரி வண்டி எடுக்கப் போகிறேன் என்று.

மூர்த்தி எதிர்ப்பான் என்று வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனோ யோசித்துவிட்டு, நல்லதுதான் என்கிறான். உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கியர் வேண்டாம், இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிறது, காலுக்கு வேலையே இல்லை என்றான். காலைப் பற்றி எதற்குப் பேசினான் என்று தெரியவில்லை. வண்டி வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டேன். "முதல்ல எடுங்கப்பா, ஓட்டிப் பழகுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றான். அவனுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவன் நான்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் பாதித் தெருவுக்கு நான் கரண்டு கொடுத்திருக்கிறேன். கரண்டில் ஓடுகிற வண்டியை எனக்கு முன்னால் ஓர் அரிசி மண்டிக்காரர் வாங்கி ஓட்டுகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாலையில் பெருந்துறை ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பெண் நல்ல மரியாதைதான். எனக்கு எவ்வளவு வயது என்று கேட்டுவிட்டு நேராக ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்த வண்டி நின்றது. "பெரியவங்க நெறையப் பேரு இதைத்தான் எடுக்கறாங்க சார், சாயவே சாயாது" என்றாள். தாரிகா மூன்று வயதில் ஓட்டிய சைக்கிளில் அப்படி இருந்தது. நான் பேசாமல் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன்.

ஜூன் 20, வியாழன்

சம்மந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டிக்கு எந்த பிளக்கில் சார்ஜ் போடுகிறார் என்று பார்க்கத்தான். நினைத்தது சரி. சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக், அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், வயர் ஜன்னல் வழியாக வெளியே வருகிறது. எர்த்தும் இல்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்படிப் போட்டால் ஒரு நாள் வயர் உருகி வீடே புகையும் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த வயர்மேனை அனுப்பி, தனி லைனும் எர்த்தும் போட ஏற்பாடு செய்தேன். "நீங்க இல்லாட்டி எனக்கு இதெல்லாம் யாருங்க சொல்லுவாங்க" என்றார். அப்படிச் சொன்னதும் ஒரு தந்திரம்தான். அதற்குமேல் எப்படிக் குறை சொல்வது?

காபி போட்டுக் கொடுத்தார். எனக்கு டம்ளரில் கொடுத்துவிட்டு அவர் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். மண்டி வைத்துச் சம்பாதித்த மனுஷன், இன்னொரு டம்ளர் வாங்கினால் என்ன? அந்தப் பக்கத்து அறையில் டி.வி. யாரும் பார்க்காமல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்டுக்கு என்ன பாடு படுகிறோம் என்று இவர்களுக்குத் தெரியாது. வாசலில் மெஸ்ஸிலிருந்து வந்த கேரியர்.

சுவரில் தாரிகா வரைந்த படம் ஒட்டியிருந்தது. நீல வண்டி, முன்னால் மீசை வைத்த ஒருவர், பின்னால் இரட்டைப் பின்னல் போட்ட பெண். எனக்கு அவள் இதுவரை எதுவும் வரைந்து கொடுத்ததில்லை. என் ஸ்கூட்டரை வரைவது கஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வேறொரு ஷோரூம். மூர்த்திக்கு வேலை இருந்ததால், அனுபவசாலி என்று சம்மந்தியை என்னோடு அனுப்பிவிட்டான். நாகரத்தினமும் வந்தாள்.

நான் கண் வைத்தது கறுப்பு வண்டி. பெரியது, அகலமான சீட், முன்னால் டி.வி. மாதிரித் திரை, ஒரு பட்டனை அமுக்கினால் பின்னாலும் நகரும். சம்மந்தியின் வண்டியை இதன் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டிதான். ஏறி உட்கார்ந்தேன். அர்த்தநாரி குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடி ரெண்டு காலையும் கீழே வையுங்கள் என்றார். வைத்தேன். முன்பாதம் நன்றாகத் தொட்டது.

"குதிகாலு தூக்கிட்டு நிக்குதுங்களே. நம்ம வயசுக்கு ரெண்டு காலும் முழுசா ஊனோணுமுங்க சம்மந்தி. வேகமெல்லாம் அப்பறம்தான்" என்றார். அதோடு விடவில்லை. எடையைப் பாருங்கள், இது சாய்ந்தால் நம்மால் நிமிர்த்த முடியாது, பக்கத்தில் உள்ள சின்ன வண்டி தாழ்வு, கால் வைக்கிற இடமும் அகலம், எனக்கும் முதலில் பெரியதில்தான் ஆசை இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் நியாயமான பேச்சு, அதனால்தான் எனக்கு எரிந்தது. தன் வண்டியைவிடப் பெரிய வண்டி எங்கள் வாசலில் நிற்கக் கூடாது என்பதை இவ்வளவு பதமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

நாகரத்தினம் தன் பங்குக்குச் சேலையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்து, கால் வைக்க இடமில்லை என்றாள். தனியாக ஒரு கம்பி வைத்துத் தருவார்களாம்.

கறுப்பு வண்டிக்கே முன்பணம் கட்டிவிட்டேன்.

ஜூன் 29, சனி

வண்டி இன்னும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டால் புது வண்டி வீட்டுக்கு வராது, நாகரத்தினம் விடமாட்டாள். ஷோரூமுக்குப் போன் செய்து ஆடிக்கு முன் கொடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பேன் என்று மிரட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் கொசுவர்த்திச் சுருளை மிதித்திருக்கிறேன். எரிகிற சுருள். உள்ளங்காலில் கொப்புளம் இருப்பதை இன்று நாகரத்தினம்தான் பார்த்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. வெறுங்காலோடு கம்பம் ஏறிய கால், தோல் அந்தக் காலத்துத் தோல். சுகர் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள் என்று அவள் ஆரம்பித்தாள். ஆடி போகட்டும் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் முறையாக ஆயிற்று. பெரிய மாரியம்மன் கோயிலில் பூஜை.

கோயிலிலிருந்து கிளம்பும்போது ஒரு சிறு குழப்பம். நாகரத்தினம் ஏறி உட்கார்ந்ததும் என் தோளைத் தட்டுவாள், நான் கிளம்புவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. பழைய வண்டி என்றால் அவள் தட்டும்வரை உறுமிக்கொண்டு நிற்கும். இது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கையை லேசாகத் திருப்பினேன், போய்விட்டது. அம்மனுக்கு அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று மணிக்கூண்டுவரை பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். பின்னால் ஆள் இல்லை. திரும்பிப் போனபோது, தேங்காய்ப் பையோடு கோயில் வாசலிலேயே நின்றிருந்தாள். பூக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரி வந்து பார்த்து, "ராஜா மாதிரி இருக்குதுங்க" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் தெரியுமா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

நாகரத்தினம் காங்கேயத்தில் தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருக்கிறாள், நாளை மாலைதான் வருவாள். மகனும் மருமகளும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நானும் தாரிகாவும்தான்.

எட்டேகால்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? எட்டு மணிக்கே அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கறுப்பு வண்டி தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. தாரிகா என் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பாரு, அப்புச்சி வண்டியைவிட இது பாஸ்ட்டு" என்றாள். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அர்த்தநாரி வந்து காலி வாசலைப் பார்த்திருப்பார். பிறகு போன் செய்து, நான் கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். "சந்தோசமுங்க" என்றார். சாயங்காலம் கூட்டி வருவது அவர்தான். அதை அவரிடமே விட்டுவிட்டேன். மனுஷனுக்கு ஏதாவது வேண்டுமே.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் நானே கொண்டுபோனேன். பள்ளிக்கு முந்திய சிக்னலில், பேக்கரி எதிரில், வண்டி சற்றே சாய்ந்தது.

அங்கே சாலை ஒரு பக்கம் தாழ்வு. நின்றதும் காலை ஊன்றினேன். ஊன்றியதாகத்தான் நினைத்தேன். வண்டி கனம். தாரிகாவுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. பேக்கரிக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அழவில்லை. நான் அவள் சட்டையைத் தட்டிவிடும்போது, "அப்பாரு, நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா உங்களை ஓட்ட உட மாட்டாங்க. ஸ்கூல்ல வெளையாடறப்ப உழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றாள். நான் அப்படிச் சொல் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாலையில் சுகந்தி காயத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போன் செய்தாள். பிள்ளை காலையில் வரும்போதே காயத்தோடுதான் வந்தது என்று மிஸ் சொல்லிவிட்டாள். காலையில் கொண்டுபோய் விடுவது யார்? இரண்டு நாளாக நான் என்பது இந்த வீட்டில் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. சுகந்தி உடனே அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கூடத்தில் நானும் இருந்தேன்.

காலையில் பிள்ளையைக் கீழே போட்டீர்களா என்று கேட்டாள். அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அப்புறம், "ஆமாஞ்சாமி. ஒரு பள்ளத்துல லேசா சாஞ்சிருச்சு. சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றார்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

சுகந்தி அவள் அப்பாவை நன்றாகத் திட்டியிருக்கிறாள். வயசான காலத்தில் எதற்கு இந்த வேலை, இனிமேல் பிள்ளையை வண்டியில் ஏற்றாதீர்கள் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாளாம். மூர்த்தி, "அப்பா வண்டி புதுசு, பெருசாவும் இருக்குது. அப்பாவே கொண்டு போகட்டும்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தவனுக்குச் சோறு இறங்க வேண்டுமே. ரசம் ஊற்றாமலே எழுந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

மேகமூட்டம். தாரிகாவை ஆட்டோவில் அனுப்பினேன். மழைக்கு ஆட்டோதான் நல்லது.

ஜூலை 12, வெள்ளி

மழை வரவில்லை. முன்சக்கரத்தில் காற்று குறைந்த மாதிரி இருந்தது. ஆட்டோ.

ஜூலை 15, திங்கள்

எனக்கு முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஆட்டோ. கறுப்பு வண்டி உறை போட்டு நிற்கிறது. நாகரத்தினம் காங்கேயத்திலிருந்து வந்ததிலிருந்து அந்த உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

அர்த்தநாரி இந்தப் பக்கமே வரவில்லை. அவருக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா, அல்லது தன் வண்டியில்தான் பிள்ளை விழுந்தது என்று குழம்பிவிட்டாரா? எழுபத்தொரு வயதில் அதுவும் நடக்கும். நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. எங்கள் ஊரில் இன்று தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் திறந்து, பாதி நீரை எடுத்துவிட்டு, வெல்லம், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், அவல் எல்லாம் போட்டு, ஒரு நீளக் குச்சியில் குத்தி, தெருவிலேயே தீ மூட்டிச் சுடுவது. அப்புச்சி வந்தால்தான் சுடுவேன் என்று தாரிகா அவளே போன் செய்துவிட்டாள். பொழுது சாயும்போது வந்தார், நடந்து. வண்டியை எடுத்து வரவில்லை.

பிள்ளைகள் எல்லாம் தீயைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் மதில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குப் போனில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் தீயைப் பார்த்தபடியே சொன்னார். போன வாரம் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வந்தாராம். நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். புது வண்டி, பெரிய வண்டி, பிள்ளை வேறு பின்னால் இருக்கிறது என்று மனசு கேட்காமல் பின்னாலேயே வந்திருக்கிறார். அவர் வண்டி சத்தம் போடாததால் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் விழுந்ததைப் பார்த்தார். பேக்கரிக்காரர்கள் தூக்கியதையும் பிள்ளை எழுந்து நின்றதையும் பார்த்தார். பள்ளி வாசல்வரை தள்ளியே வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"பார்த்தீங்கல்ல. அப்பறம் எதுக்குங்க நீங்க ஏத்துக்கிட்டீங்க? சம்மந்திதான் போட்டாருன்னு சொல்லியிருக்கலாமில்ல."

"பொண்ணு குடுத்த எடத்துல எப்படிங்க சொல்றது? என் வாயால சம்மந்தியக் காட்டிக் குடுத்தா, நாளைக்கு எம்புள்ளைதான இந்த வீட்டுல உங்க மொகத்துல முழிக்கோணும்."

குச்சியில் ஒரு தேங்காய் வெடித்தது, பிள்ளைகள் கத்தினார்கள். அவர் மறுபடியும் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான். "என்ன, பாப்பாவக் கொண்டுபோயி உட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வர்ற நேரம்தானுங்க எனக்கு ஒரு நாளுன்னு இருந்துச்சு. வழியெல்லாம் பேசிட்டே வரும். அதுக்கப்பறம் ஊட்டுக்குப் போனா, மறுநா காலையில வரைக்கும் எனக்குப் பேச ஆளில்லீங்க. அதான் டி.வி.யப் போட்டு உட்டுர்றது."

பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள். என் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறாள், என் பாயில் புரண்டு தூங்குகிறாள். அந்த மனுஷனுக்கு இருந்தது வண்டியில் அவளோடு போகிற வருகிற அந்த நேரம் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு மாதமாக வயிறு எரிந்தேன். எரிந்து, பிடுங்கியும்விட்டேன்.

ஜூலை 18, வியாழன்

காலையில் எல்லோரும் கிளம்புவதற்கு முன் கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். போட்டது நான், திட்டு வாங்கியது அவர் என்று.

பெரிய மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். விடிகிற வரை புரண்டு யோசித்ததில் எனக்குத் தாங்காமல் போனது ஒன்றே ஒன்று. வண்டியில் அவர் முந்தினார், பிள்ளையிடம் முந்தினார், இப்போது பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டு போவதா? இதிலாவது அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

மூர்த்தி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். நாகரத்தினம், "உறை போட்டப்பவே நெனச்சேன்" என்றாள். தாரிகா, "நான் சொல்லல அப்பாரு, நீங்கதான் சொன்னீங்க" என்று தன் பக்கத்தைத் தெளிவாக்கினாள். சுகந்திதான் அழுதுவிட்டாள். "எங்கப்பாவ அந்தப் பேச்சுப் பேசீட்டேனே மாமா. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியே அவுரு" என்றாள். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பேன்.

வங்கிக்குப் போகாமல் நேராக அப்பா வீட்டுக்குப் போனாள்.

ஜூலை 19, வெள்ளி

சுகர் டாக்டர். மூர்த்தி கூட வந்தான். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஆரம்பிக்கலாம் டாக்டர் என்றேன். மூர்த்தி என் தோளில் கை வைத்தான். கண்ணைத் திறந்து பார்த்தால், தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூலை வைத்து டாக்டர் என் உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்தார். எப்போதோ ஆரம்பித்துவிட்டாராம்.

மருந்து எழுதியிருக்கிறார். இனி வெறுங்காலில் நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், இரண்டு சக்கர வண்டி வேண்டாம். திரும்பி வரும்போது மூர்த்தி மெதுவாக ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு வண்டியைச் சுகந்தி வங்கிக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். அவளுக்கு உயரம் உண்டு, இரண்டு காலும் முழுசாக ஊன்றும். சார்ஜ் போடுவது நான்தான், அதை யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

எட்டேகாலுக்கு நீல வண்டி வந்தது. வழக்கம்போல வெளியிலேயே நின்றார். தாரிகா ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். கூடவே எனக்குள் எரிய ஆரம்பித்தது. அது அவ்வளவு சுலபமாகப் போகாது போலிருக்கிறது.

பிள்ளையை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள், டிபன் இனி இங்கேதான் என்றேன். "மெஸ்ஸுல சொல்லியிருக்குதுங்க" என்று நெளிந்தார். வராவிட்டால் நாளை முதல் பிள்ளையை ஆட்டோவில் அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டு முறுக்கைக் காட்ட இப்படியொரு சந்தர்ப்பம் இனிக் கிடைக்காது.

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இந்த வீட்டுக்குள் முதல் தடவை வருகிறவரைப் போல அடியெடுத்து வைத்தார். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வழியில் பிள்ளை என்ன பேசினாள் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தவர், பிறகு ஒன்று விடாமல் சொன்னார். யார் யாரோடு சண்டை, எந்த மிஸ்ஸுக்குக் கல்யாணம், மாட்டுக்கு ஏன் மேல்பல் இல்லை, எல்லாம்.

நாகரத்தினம் முறுகல் தோசையோடு வந்தாள். இந்த வீட்டில் முறுகல் தோசை முதலில் என் தட்டுக்குத்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் சட்டம். நான் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அவர் தட்டில் வைத்தாள், மேலே நெய்யும் விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்றேன்.

இரண்டாவதும் அவருக்கே போனது.